யாரைக் கேட்டு நியமித்தீர்கள்?



2017 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் என்ற ஊர். பிற்பகலில் ஒரு செய்தி கசிந்தது. டென்னசி பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் அடுத்த தலைமைப் பயிற்சியாளர் கிரெக் ஷியானோ என்பதுதான் அது. முறையான அறிவிப்பு எதுவும் வெளியாகவில்லை. அதற்குள் ஊர் கொதித்தெழுந்துவிட்டது. அந்த வளாகத்தில் மாணவர்கள் வண்ணம் பூசித் தங்கள் மனதில் பட்டதை எழுதும் பெரிய பாறை ஒன்று உண்டு. அதில் ஷியானோவைக் குற்றம்சாட்டும் வாசகம் ஏறியது. பதாகைகளோடு ஆட்கள் திரண்டார்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலரே வெளிப்படையாக எதிர்த்தார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் கர்ரியும் ஷியானோவும் உடன்பாட்டுக் குறிப்பில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். வளாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த பெவர்லி டேவன்போர்ட்டின் கையெழுத்து மட்டும் பாக்கி. அது விழவே இல்லை. இரவுக்குள் அந்த நியமனம் கைவிடப்பட்டது.

ரசிகர்கள் பயிற்சியாளர்களை விரட்டியடித்த கதைகள் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஏராளம். வரப்போகிறவரை வாசலிலேயே மறித்து, சில மணி நேரத்தில் திருப்பி அனுப்பியது அபூர்வம். அந்த ஞாயிற்றுக்கிழமையையும் அதன் பின் வந்த ஐந்து ஆண்டுகளையும் வைத்துக்கொண்டு, ஒரு பொது நிறுவனத்தின் முடிவில் ரசிகனுக்கு என்ன உரிமை, எதுவரை உரிமை என்பதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நான் சொல்லும் கால்பந்து, நாம் உதைத்து ஆடும் ஆட்டம் அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். அந்த ஆட்டம் இடைவிடாமல் ஓடுவதில்லை. சில விநாடிகள் மோதல், பிறகு நிறுத்தம், பிறகு அடுத்த திட்டம். பெரும்பாலான நகர்வுகள் கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர்களிடமிருந்தே உத்தரவாக வருகின்றன. கிரிக்கெட்டில் கேப்டனுக்கு இருக்கும் செல்வாக்கு அங்கே வெளியில் நிற்பவருக்கு. அதைவிடப் பெரிய அதிகாரம் ஒன்றும் அவருக்கு உண்டு. கல்லூரி அணிகளுக்கு வீரர்களை எடுக்க ஏலம் கிடையாது, ஒதுக்கீடு கிடையாது. பதினாறு, பதினேழு வயதுப் பையன்களின் வீட்டுக்குப் போய், கூடத்தில் உட்கார்ந்து, அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசி, பிள்ளையைத் தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்பவர் பயிற்சியாளர்தான். அண்மைக்காலம் வரை ஒரு கல்லூரி 85 வீரர்களுக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்பது விதியாக இருந்தது. அந்தக் குடும்பங்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை நம்புவதைவிட அந்த ஒரு மனிதரின் சொல்லை நம்பித்தான் பிள்ளைகளை அனுப்புகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் இந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும்.

பணமும் சாதாரணப் பணமல்ல. பல அமெரிக்க மாநிலங்களில் அரசு ஊழியர் பட்டியலை எடுத்தால், மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் இல்லை. பொதுப் பல்கலைக்கழகமொன்றின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். பாதியில் வெளியே அனுப்பினால் மீதி ஒப்பந்தக் காலத்துக்கும் பணம் தரவேண்டும். 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது அவருக்குச் சேரவேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமலிருப்பதற்கு அவ்வளவு! அந்தப் பணம் டிக்கெட்டிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் தொலைக்காட்சி உரிமையிலிருந்தும் வருகிறது. மூன்றுக்கும் வேர் ரசிகன். ஆகவே, ‘யாரைக் கேட்டு நியமித்தீர்கள்?’ என்று அவன் கேட்பதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

நாக்ஸ்வில்லில் அந்தக் கேள்வி இன்னும் ஆழமாக ஓடுகிறது. பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1794. டென்னசி ஆற்றங்கரையில் நிற்கும் நெய்லண்ட் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உட்காரலாம். ராபர்ட் நெய்லண்ட் என்ற ராணுவ அதிகாரி 1926 முதல் வளர்த்தெடுத்த அணி அங்கே ஆடுகிறது. ஆட்ட நாளில் ஆற்றில் படகுகள் வரிசையாக வந்து நங்கூரமிடும். படகிலேயே சமையல், படகிலேயே கொண்டாட்டம். ஊரே ஆரஞ்சு நிறம் உடுத்தியிருக்கும். தேசியக் கால்பந்து லீகில் அந்த மாநிலத்துக்கென்று ஓர் அணி வந்ததே 1997இல்தான். அதுவும் கடைசியில் நாஷ்வில்லில் போய் நிலைத்தது. கிழக்கு டென்னசியின் மலையடிவார ஊர்களுக்குப் பல தலைமுறைகளாக ‘நம்ம டீம்’ என்றால் வாலண்டியர்ஸ் எனப்படும் இந்தப் பல்கலைக்கழக அணிதான். அந்தப் பல்கலைக்கழக வகுப்பறையில் ஒரு நாளும் உட்காராத லாரி ஓட்டுநருக்கும், தச்சருக்கும், பள்ளி உணவகத்தில் வேலை பார்க்கும் அம்மாவுக்கும் அதன்மீது ஒரு சொந்தம் இருக்கிறது. பட்டம் வாங்கியவருக்கு இருக்கும் சொந்தத்தைவிட அது குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம், அதில் ஏழோ எட்டோதான் சொந்த ஊரில். மீதி நாளெல்லாம் பேச்சு. வானொலிக்குத் தொலைபேசி போட்டு, முடிதிருத்தும் கடையில் காத்திருந்தபடி, தேவாலயம் விட்டு வெளியே வரும்போது என்று அந்தப் பேச்சு ஓயாது.

அந்தப் பேச்சுக்கு 2017இல் நிறையக் காயம் சேர்ந்திருந்தது. பிலிப் ஃபுல்மர் டென்னசியில் பிறந்தவர், அதே அணியில் ஆடியவர், 1998 பருவத்தில் 13 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். 2008இல் அவரை அனுப்பினார்கள். பின்னால் வந்த லேன் கிஃபின் ஒரே ஒரு பருவம் ஆடவைத்துவிட்டு, 2010 ஜனவரியில் ஓர் இரவு கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டார். மாணவர்கள் தெருவில் மெத்தைகளைக் கொளுத்தினார்கள். டெரெக் டூலி மூன்று ஆண்டு, மூன்றும் தோல்விப் பருவம். புட்ச் ஜோன்ஸ் ஐந்தாம் ஆண்டில் மிசௌரியிடம் 50-17 என்று தோற்ற மறுநாள் நீக்கப்பட்டார். அந்தப் பருவம் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி என்று முடிந்தது. ஒரே பருவத்தில் எட்டு ஆட்டம் தோற்றது அந்த அணியின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

அடுத்தவர் யார் என்ற விவாதம், நம் ஊரில் சம்பந்தம் பேசுவதைப் போலத்தான் நடக்கிறது. பையன் எந்த ஊர், யாருடைய வளர்ப்பு, முன்பு இருந்த இடத்திலிருந்து ஏன் வெளியே வந்தார், நம் வீட்டில் தங்குவாரா, இதைவிட வசதியான இடம் கிடைத்தால் போய்விடுவாரா? ஒரு பக்கம் ‘நம்ம பிள்ளை’ கட்சி: இங்கே ஆடியவனுக்குத்தான் இந்த மண்ணின் அருமை தெரியும் என்பார்கள். இன்னொரு பக்கம், சின்னக் கல்லூரியில் ஜெயித்துக்கொண்டிருக்கும் இளைஞனை இப்போதே பிடித்துவிட வேண்டும் என்பவர்கள். அலபாமாவில் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனிடம் வேலை பார்த்த உதவியாளர் யாராயிருந்தாலும் சரி என்று ஒரு கூட்டம். எல்லோருக்கும் மேலே, பெரிய பெயர் ஒன்றுக்காகக் காத்திருப்பவர்கள்.

நாக்ஸ்வில்லுக்கு அந்தப் பெரிய பெயர் ஜான் க்ரூடன். இளம் வயதில் அதே வளாகத்தில் உதவிப் பயிற்சியாளராகப் பழகியவர். அவர் மனைவி அங்கே ஆட்டத்தில் உற்சாகக் குழுவில் இருந்தவர். க்ரூடன் தேசியக் கால்பந்து லீகில் டாம்பா பே அணிக்கு சூப்பர் பவுல் பட்டம் வென்று தந்தவர். அப்போது தொலைக்காட்சி வர்ணனையாளர். நாற்காலி காலியாகும் போதெல்லாம் அவர் பெயர் எழும். அவர் ஊருக்கு வந்திருக்கிறார், வீடு பார்க்கிறார், கையெழுத்து ஆகிவிட்டது என்றெல்லாம் வதந்தி கிளம்பும். அவர் வரவே இல்லை. 2018 ஜனவரியில் ரெய்டர்ஸ் அணிக்குப் போனார், பத்து ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலர் என்று செய்தி. 2021 அக்டோபரில், அவர் முன்பு எழுதிய மின்னஞ்சல்கள் வெளியாயின. இனவெறியும் பெண்களை இழிவுபடுத்தும் பேச்சும் நிறைந்த மின்னஞ்சல்கள். பதவி விலகினார். இதை ரசிகர்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஒருவரை எட்டி நின்று பல ஆண்டுகள் நேசிக்கலாம், ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று அந்த நேசத்தால் தெரிந்துவிடாது. தேர்வுக்குழுவுக்கும் பல நேரம் அதே கதைதான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஷியானோ ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பதினொரு பருவம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். தேய்ந்து கிடந்த அணியை நிமிர்த்தியவர் என்று பெயர். பிறகு டாம்பா பேயில் இரண்டு பருவம், 11 வெற்றி, 21 தோல்வி. 2017இல் ஓஹாயோ ஸ்டேட்டில் தடுப்பாட்டப் பொறுப்பாளர். ஆனால் பாறையில் எழுதப்பட்டது இதெல்லாம் அல்ல. 1990களின் முற்பாதியில் அவர் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். அங்கேதான் ஜெரி சாண்டஸ்கி என்ற பயிற்சியாளர் பல ஆண்டுகள் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியிருந்தார். 2012இல் 45 குற்றங்களில் அவருக்குத் தண்டனை உறுதியானது. 2016இல் வெளியான ஒரு நீதிமன்ற ஆவணத்தில், ஷியானோவும் எதையோ பார்த்துவிட்டு இன்னொரு பயிற்சியாளரிடம் சொன்னார் என்று மற்றொருவர் தமக்குச் சொல்லப்பட்டதாக வாக்குமூலம் தந்திருந்தார். காதுவழிச் செய்தி அது. ஷியானோ மறுத்தார். அவரிடமிருந்து கேட்டதாகச் சொல்லப்பட்ட அந்தப் பயிற்சியாளரும் மறுத்தார். ஷியானோமீது எந்த வழக்கும் போடப்படவில்லை.

அப்படியென்றால் நாக்ஸ்வில் செய்தது அநீதியா? ஒரு மனிதருக்கு நடந்தது என்ற அளவில், ஆம், அநீதிதான். மூன்றாம் வாய்ச் சொல்லை வைத்துக்கொண்டு, குழந்தைக் கொடுமையை மூடி மறைத்தவர் என்று ஊர் நடுவில் எழுதிவைப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்கமுடியாது. ஷியானோ 2019 இறுதியில் மீண்டும் ரட்கர்ஸுக்கே திரும்பிப் பணியைத் தொடர்ந்தார் என்பது அவருக்கு நேர்ந்ததைச் சரிசெய்துவிடாது. ஆனால் ரசிகர்கள் கேட்ட கேள்வியையும் அதே குப்பையில் போட்டுவிட எனக்கு மனமில்லை. 2011 நவம்பர் 9 இரவு, சாண்டஸ்கி விவகாரம் வெளிவந்ததும் பென் ஸ்டேட் தன் தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவை நீக்கியது. 409 வெற்றிகள் கண்டவர். அன்று மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள், தொலைக்காட்சி வண்டியைக் கவிழ்த்தார்கள். எதற்காக? பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக அல்ல, பயிற்சியாளருக்காக. ஆறே ஆண்டுகளில் இன்னொரு கால்பந்து ஊர், ‘எங்கள் பையன்களை ஒப்படைக்கப் போகும் ஆள் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டது. பதில் கிடைக்கும்வரை பொறுக்காதது தவறு. அந்தக் கேள்வி பிறந்தது தவறில்லை.

இதில் இன்னொரு கசப்பும் கலந்திருக்கிறது; அதை விட்டுவிட்டுப் பேசினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஓராண்டுக்கு முன், 2016 ஜூலையில், டென்னசி பல்கலைக்கழகம் ஒரு வழக்கை 24 லட்சத்து 80 ஆயிரம் டாலர் கொடுத்துச் சமரசமாக முடித்திருந்தது. எட்டுப் பெண்கள் தொடுத்த வழக்கு. விளையாட்டு வீரர்கள்மீது எழுந்த பாலியல் வன்முறைப் புகார்களைப் பல்கலைக்கழகம் கையாண்ட விதத்தை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போயிருந்தார்கள். அந்தப் பெண்களுக்காக நாக்ஸ்வில் இப்படி ஒரே பகலில் கொதித்து எழவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர்மீதான பழைய சந்தேகத்துக்கு எழுந்த கோபம், உள்ளூர்ப் பெண்களின் புகாருக்கு எழவில்லை. ஷியானோவின் பெயருக்குப் பதிலாக க்ரூடனின் பெயர் கசிந்திருந்தால் இவ்வளவு ஆராய்ந்திருப்பார்களா? அறச்சீற்றமும் ஆட்டக்காரணமும் ஒரே குரலில் கலந்து வந்தன என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே மனம் கொதித்தவர்கள் இருந்தார்கள். இந்த ஆளை வைத்து ஜெயிக்க முடியாது என்ற எரிச்சலை அறமாக உடுத்தி வந்தவர்களும் இருந்தார்கள்.

அதன் பிறகு வந்த ஐந்து நாட்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ரி ஓக்லஹோமா ஸ்டேட்டின் மைக் கண்டியை அணுகினார், பர்டியூவின் ஜெஃப் ப்ராமை அணுகினார், வட கரோலினா ஸ்டேட்டின் டேவ் டோரனை அணுகினார். யாரும் வரவில்லை. ஒரே பகலில் ஊர் திரண்டு ஒருவரை விரட்டியதைப் பார்த்தவன் எப்படி வருவான்? கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் மைக் லீச்சைச் சந்தித்தார். திரும்பி வந்ததும், டிசம்பர் 1 அன்று, கர்ரியே இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர் பிலிப் ஃபுல்மர், ஒன்பது ஆண்டுக்கு முன் அனுப்பப்பட்ட அதே மண்ணின் மைந்தர். ஊர் மகிழ்ந்தது. ரசிகர்கள் பயிற்சியாளரை மட்டுமல்ல, பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பவரையும் மாற்றிவிட்டார்கள். அடுத்த மே மாதத்தில் டேவன்போர்ட்டும் பதவி இழந்தார்.

ஃபுல்மர் தேர்ந்தெடுத்தவர் ஜெரமி ப்ரூயிட். சேபனின் பள்ளியில் தேறியவர், தடுப்பாட்டத்தில் பேர்பெற்றவர். இது எல்லோருக்கும் பிடித்த தேர்வு. விளைவு? 2018இல் 5-7, அடுத்த ஆண்டு 8-5, அடுத்து 3-7. 2021 ஜனவரி 18 அன்று நீக்கப்பட்டார். காரணம் தோல்வி மட்டுமல்ல. வீரர்களைச் சேர்ப்பதில் விதிமீறல்கள், வீரர்களுக்கும் குடும்பங்களுக்கும் கள்ளத்தனமாகப் பணம். 2023இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தது, வெற்றிகள் சிலவற்றை ஏட்டிலிருந்து அழித்தது. ஊர் கொண்டாடி ஏற்றிய வழியே வந்த பயிற்சியாளர் அவர்.

ஆக, ரசிகனுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். நிபுணர்கள் கதை என்ன? அலபாமாவுக்குப் போவோம். 2006 டிசம்பரில் அவர்கள் முதலில் கேட்டது நிக் சேபனை அல்ல, ரிச் ரோட்ரிகெஸை நெருங்கினார்கள், அவர் மறுத்துவிட்டார். ஊரே எரிச்சலில் இருந்தது. சேபனோ, தான் அலபாமாவின் பயிற்சியாளராக வரப்போவதில்லை என்று பத்திரிகையாளர்களிடம் அறிவித்து இரண்டு வாரம் ஆகவில்லை, 2007 ஜனவரி 3 அன்று டஸ்கலூசாவில் விமானத்திலிருந்து இறங்கினார். ஆறு தேசியப் பட்டங்கள் அதற்குப் பின்னால் வந்தன. ரோட்ரிகெஸ் சரி என்றிருந்தால் அந்த ஆறும் இல்லை. அதை மதிநுட்பம் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இதைவிடவும் நெஞ்சில் நிற்பது ஆபர்ன் கதை. 2008 டிசம்பரில் ஆபர்ன் பல்கலைக்கழகம் ஜீன் சிஸிக்கை நியமித்தது. ஐயோவா ஸ்டேட்டில் இரண்டு பருவத்தில் அவர் வைத்திருந்த கணக்கு 5 வெற்றி, 19 தோல்வி. விமானநிலையத்திலேயே ரசிகர் ஒருவர் விளையாட்டு இயக்குநரைப் பார்த்துக் கத்தித் தீர்த்தார். அதே பதவிக்குப் பேசப்பட்ட டர்னர் கில் கறுப்பினத்தவர், பஃபலோவின் நலிந்த அணியைப் பட்டம் வெல்லவைத்தவர். ஆபர்னில் ஆடியவரும் கூடைப்பந்து உலகின் பெரிய பெயருமான சார்ல்ஸ் பார்க்லி, கில்லை ஒதுக்கியதற்கு நிறமே காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்தக் கத்தலும் நியாயம், பார்க்லியின் குமுறலும் நியாயம். ஆனால் 2010இல் சிஸிக்கின் ஆபர்ன் 14 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் சூடியது. எப்படி? அந்த ஆண்டு டெக்சஸின் ஓர் இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து கேம் நியூட்டன் என்ற குவாட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர், வந்து சேர்ந்திருந்தார். நியூட்டன் போனார், 2012இல் ஆபர்ன் 3-9 என்று சரிந்து சிஸிக்கும் போனார். பின்னர் டர்னர் கில்லுக்குக் கான்சஸில் வாய்ப்புக் கிடைத்தது. இரண்டு பருவம், 5 வெற்றி, 19 தோல்வி, சிஸிக் ஐயோவா ஸ்டேட்டில் வைத்திருந்த அதே கணக்கு. சிஸிக்குக்கு அந்தக் கணக்குக்குப் பிறகு ஆபர்ன் கிடைத்தது. கில்லுக்கு அந்தக் கணக்குக்குப் பிறகு கிடைத்தது பணிநீக்கம்.

யார் பெயர் விவாதத்துக்குள்ளேயே வராமல் போகிறது என்பதை நாம் பார்க்கவேண்டும். நாக்ஸ்வில்லின் அணி இருக்கும் தென்கிழக்குக் கல்லூரிக் கூட்டமைப்பில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் நியமிக்கப்பட்டது 2003 டிசம்பரில்தான்: மிசிசிப்பி ஸ்டேட்டில் சில்வெஸ்டர் க்ரூம். களத்தில் ஓடுகிறவர்களில் பெரும்பகுதி கறுப்பின இளைஞர்கள். ‘நம் ஊருக்குப் பொருந்துவாரா’ என்ற எளிய கேள்விக்குள் எத்தனையோ பழைய கணக்குகள் ஒளிந்துகொள்கின்றன. வானொலியில் பேசும் மனிதர் அதை உணர்ந்தே சொல்கிறார் என்று நான் குற்றம்சாட்டவில்லை. ஆனால் அவர் வாயில் தானாக வரும் பெயர்களும் வராத பெயர்களும் ஒரு வரலாற்றிலிருந்து வருகின்றன.

விவாதத்துக்குள் வராமல் போகும் இன்னொன்று பொறுமை. நாக்ஸ்வில் கண்ட மிகப் பெரிய பயிற்சியாளர் யார் என்று என்னைக் கேட்டால் நெய்லண்ட் என்றும் சொல்லமாட்டேன், ஃபுல்மர் என்றும் சொல்லமாட்டேன். பேட் சம்மிட் என்பேன். 1974இல், 22 வயதில், பெண்கள் கூடைப்பந்து அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. சீருடைகளைத் தானே துவைத்தார், அணியின் வண்டியைத் தானே ஓட்டினார். 2012இல் விலகியபோது 1,098 வெற்றிகள், எட்டுத் தேசியப் பட்டங்கள். ஓரிரு பருவத்தில் பட்டம் வந்தாக வேண்டும் என்று யாரும் அவர் கழுத்தை நெரிக்கவில்லை. முதல் தேசியப் பட்டம் வந்தது 1987இல். 13 ஆண்டு! இன்று ஒரு கால்பந்துப் பயிற்சியாளருக்கு மூன்று ஆண்டு கிடைத்தால் பெரிது.

2021 ஜனவரியில் ப்ரூயிட் போனதும் மறுபடியும் அதே விவாதம். புதிய இயக்குநர் டேனி வைட், தான் முன்பு இருந்த சென்ட்ரல் ஃப்ளோரிடாவிலிருந்து தன்னுடைய பயிற்சியாளர் ஜாஷ் ஹைப்பலையே அழைத்துவந்தார். ஊருக்குப் பெரிய மகிழ்ச்சி இல்லை. இவ்வளவு தேடியது கூடவே இருந்தவரைக் கூட்டிவரத்தானா என்று முணுமுணுத்தார்கள். பாறைக்கு யாரும் வண்ணம் எடுத்துப் போகவில்லை, களைத்துப் போயிருந்தார்கள்.

இந்த மாற்றத்தின்போது அணிக்குள்ளே என்ன நடந்தது என்பதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ப்ரூயிட்டை நம்பி வந்த பையன்களுக்குப் பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு வயது. காலையில் பழைய பயிற்சியாளர் இருந்தார், மாலையில் இல்லை. ஹென்றி டோடோ அலபாமாவுக்குப் போனார். எரிக் கிரே ஓக்லஹோமாவுக்குப் போனார். வேறு பலரும் போனார்கள். கல்லூரி மாறுவதென்றால் விடுதி மாற்றம், பாடத்திட்ட மாற்றம், நண்பர்கள் மாற்றம், அம்மாவால் ஆட்டம் பார்க்க வரமுடியாத தூரம். நாற்காலி காலியானபோது கொடையாளர்கள் பேசினார்கள், முன்னாள் வீரர்கள் பேசினார்கள், வானொலியில் ஊரே பேசியது, 2017இல் சட்டமன்ற உறுப்பினர்கள்கூடப் பேசினார்கள். அந்தப் பயிற்சியாளரின் கீழ் தினமும் விடியற்காலையில் எழுந்து ஓடவேண்டியவர்களின் குரல் மட்டும் அந்தச் சத்தத்தில் கேட்கவே இல்லை. தேர்வுக்குழுவில் நடப்பு வீரர்களுக்கு இடம் வேண்டும், வாக்குரிமையோடு இடம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரசிகனின் உரிமையை நான் மறுக்கவில்லை. அவனுக்கு முன்னால் வரிசையில் நிற்கவேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்கிறேன்.

அந்த ஜனவரியில், ப்ரூயிட் நீக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, வர்ஜீனியா டெக்கிலிருந்து ஒரு குவாட்டர்பேக் டென்னசிக்கு வர முடிவு செய்திருந்தார். ஹெண்டன் ஹூக்கர். அழைத்த பயிற்சியாளர் போய்விட்டார், ஹூக்கர் போகவில்லை. ஹைப்பல் 2021 பருவத்தை அவரை வைத்துத் தொடங்கவுமில்லை. ஜோ மில்டனைத்தான் இறக்கினார். இரண்டாம் ஆட்டத்தில் மில்டன் காயம்பட்ட பிறகுதான் ஹூக்கர் கைக்குப் பந்து வந்தது. 2022 அக்டோபர் 15 அன்று நெய்லண்ட் மைதானத்தில் அலபாமா. 15 ஆண்டாகத் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த எதிரி, எதிரே சேபன். ஹூக்கர் 385 கெஜம் எறிந்தார், ஐந்து டச்டவுன். ஐந்தையும் பிடித்தவர் ப்ரூயிட் காலத்தில் சேர்ந்து, போகாமல் இருந்துவிட்ட ஜேலின் ஹயட். கடைசி விநாடியில் சேஸ் மெக்ராத் 40 கெஜத்திலிருந்து உதைத்தார், 52-49. ரசிகர்கள் கோல் போஸ்டைப் பிடுங்கித் தோளில் சுமந்துகொண்டுபோய் டென்னசி ஆற்றில் போட்டார்கள். அன்றிரவு ஊர் முழுக்க ஒலித்த பெயர்களில் ஹைப்பலின் பெயரும் ஒன்று, ஊர் கேட்காத, ஊரைக் கேட்காமல் வந்த அந்தப் பயிற்சியாளரின் பெயர். அந்த வெற்றியை அவர் கையில் கொடுத்த இரண்டு பையன்களும் அவர் வருவதற்கு முன்பே நாக்ஸ்வில்லைத் தேர்ந்தெடுத்திருந்தவர்கள்.